ஆச்சியின் சீரியலுக்கும் சேர்த்துத்தான் சட்டம்

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், துணைக்கு மாமியார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் போன் பிள்ளைகள் கையில்தான். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன், எடுத்துவிட்டான். பேட்டர்ன் லாக்கை மாற்றினேன், திரையில் விரல் பட்ட தடத்தைப் பார்த்தே திறக்கிறான். பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டை எறிகிறான். பிள்ளைகளோடு கலந்து பேசி நேரம் வையுங்கள் என்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் நாள் பூரா வேண்டும் என்றுதானே சொல்வார்கள்? எத்தனை மணி நேரம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: விரல் தடத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கிறவனிடம் ஒளித்து வைத்து ஜெயிக்க முடியாது, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மணிக்கணக்கு கேட்டீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐஏபி, ஐந்து முதல் பத்து வயதுவரை ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்கிறது, அதுவும் குறையக் குறைய நல்லது. ஆக உங்கள் மகளுக்கு எண் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் அவர்களே ஒரு எண்ணைச் சொல்லவில்லை. தூக்கம், வெளியே ஓடியாடுவது, படிப்பு, வீட்டாரோடு இருப்பது இதெல்லாம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் மகனுடைய எண்ணை மகனோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சண்டை நடக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு எல்லாரும் பட்டாசலில் (கூடத்தில்) உட்காருங்கள், துபாயில் இருக்கிறவரும் வீடியோ காலில் வரட்டும். மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து அவனையே கழிக்கச் சொல்லுங்கள். அவன் வயதுக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும், காலையில் ஆறு மணிக்கு எழுந்தால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும் என்றால் இரவு ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு வருகிறான் என்றால் கையில் இருப்பது நாலு மணி நேரம். அதில் வீட்டுப்பாடம், டியூஷன், விளையாட்டு, குளியல், சாப்பாடு. எப்படி இழுத்துப் பார்த்தாலும் மிச்சம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். நீங்கள் சொன்னால் அவனுக்கு அது அம்மாவின் கெடுபிடி. அவனே கழித்துப் பார்த்து வந்தால் மல்லுக்கட்ட ஆள் கிடையாது. விளையாட்டை மட்டும் அந்தத் தாளில் அடித்துவிடாமல் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் வெளியே திரிகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் மருத்துவர்களே சொல்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தட்டு. பெரும்பாலான வீடுகளில் ரகளை நடப்பது போனைக் கொடுக்கும்போது இல்லை, திருப்பி வாங்கும்போதுதான். ஃப்ரீ ஃபயர் மாதிரி ஆட்டத்தில் ஒரு சுற்று முடியப் பத்து நிமிஷம் போல ஆகும், கூட ஆடுகிற பையன்கள் இருப்பார்கள், நடுவில் பிடுங்கினால் அவர்கள் முன்னால் இவனுக்கு மானம் போகிறது. நமக்கு அது சில்லறை விஷயம், பன்னிரண்டு வயதில் அப்படி இல்லை. அதனால் "ஏழரைக்கு நிறுத்து" என்பதைவிட "ரெண்டு சுற்று, அதோடு சரி" என்று பேசி வையுங்கள். ஷார்ட்ஸ், ரீல்ஸுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அதற்கு முடிவே கிடையாது, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அலாரம்தான் சரி, அலாரத்தை அவனே வைக்கட்டும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைக்கலாம், மகளுக்கு அது ரொம்ப உதவும்.

இரண்டு விஷயத்தில் பேரம் வேண்டாம். சாப்பிடும்போது யார் கையிலும் போன் கிடையாது. இரவில் எல்லா போனும் பட்டாசலில்தான் சார்ஜ் ஏறும், படுக்கிற அறைக்குள் வராது. மற்றதை எல்லாம் விட்டுக்கொடுங்கள். எந்த நேரம், எந்த ஆட்டம், சனி ஞாயிறு எவ்வளவு கூட என்பதை அவர்கள் சொல்லட்டும். மீறினால் என்ன என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் நாம் நினைத்ததைவிடக் கடுமையாகச் சொல்வார்கள், நீங்கள்தான் குறைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் போன் நேரத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்துகிற ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போடுவதாக இருந்தால் அவன் பார்க்கவே போடுங்கள், திருட்டுத்தனமாகப் போட்டால் அதையும் திறந்துவிடுவான்.

"யார் கையிலும்" என்றேனே, அதில் நீங்களும் உண்டு, வாட்ஸ்அப்பும் உண்டு. ஆச்சி இரவு ஏழிலிருந்து ஒன்பதரை வரை பட்டாசலில் சத்தமாகச் சீரியல் வைத்தால் பேத்தி புத்தகத்தையா பார்ப்பாள்? மாமியாரிடம் நீங்கள் போய்ச் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அவரையும் உட்கார வையுங்கள், பேரன் கேட்டால் ஒரு சீரியலையாவது விட்டுக்கொடுப்பார். ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றால் அந்த ரெண்டு மூன்று நாளுக்குச் சட்டத்தை மறந்துவிடலாம், வில்லுப்பாட்டும் வேட்டுச் சத்தமும் இருக்கும்போது பிள்ளைகள் போனைத் தேடுவதில்லை.

முதல் வாரம் கொஞ்சம் அழுகை இருக்கும். ரெண்டு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து எது ஒத்துவரவில்லையோ அதை மாற்றுங்கள்.

கேள்வி: மகளுக்கு ரெண்டரை வயது. போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். எப்படி நிறுத்துவது?
– ஒரு தகப்பன், மேலப்பாளையம்

பதில்: இந்த வயதில் கலந்து பேசுவதெல்லாம் பெரியவர்களுக்குள்தான். ஊட்டுகிற அத்தனை பேரும், பாட்டி உட்பட, ஒரே நாளில் நிறுத்த வேண்டும், ஒருவர் இளகினாலும் போச்சு. படம் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவள் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுப் பிசையவும் இறைக்கவும் விடுங்கள். சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள், ஓடியாடுகிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எடை ஏறாமலே இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரம்தான் உச்சம், அதையும் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 14 வயது. இரவு எட்டு மணிக்கு மேல் போனைத் தொடக் கூடாது என்கிறார் அப்பா. அவர் பதினோரு மணி வரை ரீல்ஸ் பார்க்கிறார். இது நியாயமா?
– ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நியாயமே இல்லை. ஆனால் பதினோரு மணிக்குப் போய் இதைக் கேட்காதே, உனக்கும் நல்லதில்லை. அநேகமான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும். ஒரு லீவு நாளில் முதலில் உன் கணக்கை எடுத்துக் காட்டு, ஒளிக்காமல். அப்புறம் அவருடையதைக் கேள்.