தவக்காலக் கேள்விகள்

கே: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பூசையில் சாம்பல் பூசிய பிறகு நெற்றி எரிகிறது, சிவக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். சாம்பலில் என்ன கோளாறு?

ப: தண்ணீர் விட்டுக் குழைத்திருப்பார்கள். ஓலைச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. ஈரம் பட்டால் அது காரமாகித் தோலைச் சுடும். பிள்ளைகளின் நெற்றிதான் முதலில் சிவக்கும். மந்திரிக்கும்போது குரு தீர்த்தம் தெளிப்பார். அது தெளிப்பாகவே இருக்கட்டும், கிண்ணம் சேறாக வேண்டாம்.

சாம்பல் செய்ய, சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து சேகரித்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். ஈரம் இருந்தால் புகைதான் வரும், நார் அப்படியே மிஞ்சும். நறுக்கி இரும்புச் சட்டியில் கொளுத்துங்கள். கருகியதும் மூடிபோட்டு அணைத்துவிடுங்கள். வெள்ளையாகும்வரை எரியவிட்டால் நெற்றியில் தெரியாது, காரமும் ஏறும். நன்றாக ஆறியபின் இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். உலர்ந்த பொடியே விரலில் ஒட்டும். ஒட்டவில்லையென்றால் சில சொட்டு எண்ணெய் போதும்.

கே: எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித யோசேப்பு. அவரது பெருவிழா நாளான மார்ச் 19, 2028-இல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்கே திருவிழாப் பூசை வைக்கலாமா?

ப: முடியாது. அது தவக்கால மூன்றாம் ஞாயிறு. எந்தப் புனிதரின் பெருவிழாவும் தவக்கால ஞாயிற்றுக்கு வழிவிட்டே ஆகவேண்டும். பெருவிழா 20, திங்கட்கிழமைக்குப் போகிறது. 2023-இலும் இப்படித்தான் நடந்தது. ஆகவே நவநாளை, அதாவது ஒன்பது நாள் செபத்தை, 11, சனிக்கிழமை தொடங்குங்கள், கொடியேற்றமும் அன்றே. 19 அன்று நவநாள் செபம் சொல்லலாம், ஆனால் பூசை ஞாயிற்றுப் பூசைதான், உடை ஊதாதான். திங்களன்று வெள்ளை உடை, வானவர் கீதம், விசுவாச அறிக்கை எல்லாம் உண்டு. அல்லேலூயா மட்டும் கிடையாது. பாடகர் குழு பழக்கதோஷத்தில் அதைத்தான் எடுத்துவிடும், முந்தின நாளே சொல்லிவையுங்கள். இதையெல்லாம் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பங்குத்தந்தையிடம் கேட்பது நல்லது. அச்சடித்த பிறகு கேட்கிறவர்கள்தான் அதிகம்!

கே: முதியோர் வசதிக்காகப் பாஸ்கா திருவிழிப்பை, அதாவது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின இரவு வழிபாட்டை, மாலை 6 மணிக்கே தொடங்கலாமா?

ப: இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது சட்டம். ஏப்ரலில் நம் பக்கம் 6.30-ஐ ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. வெளிச்சத்தில் பாஸ்காத் திரியைப் பவனியாகக் கொண்டுபோவதில் பொருளும் இல்லை. 7 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் நீளும் என்றால் பழைய ஏற்பாட்டின் ஏழு வாசகங்களைக் குறைக்க இடமுண்டு. குறைந்தது மூன்று வாசகங்களாவது இருக்க வேண்டும். அவற்றில் விடுதலைப் பயண நூலின் 14-ஆம் அதிகாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.