வக்கீல் ஆபீசில் பத்திரப் பதிவு வேலை எப்படி இருக்கும்? பி.காம் முடித்த நான் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். நான் 11 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், சட்டம் படித்ததில்லை. டைப்பிங் தெரியும் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் இங்கே அடிப்பதைவிடப் படிப்பதுதான் பெரிய வேலை.

ஒரு கிரயம் (சொத்து விற்பனை) வந்தால், தாய்ப் பத்திரம் என்கிற பழைய மூலப் பத்திரத்திலிருந்து விற்பவர் பெயர் வரை ஒவ்வொரு பத்திரமாக வரிசைப்படுத்துவேன். நடுவில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தாலும் அதோடு விடமாட்டேன். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை எல்லாம் அதில் வராது. பூர்வீகச் சொத்து என்றால், "அக்கா தங்கை எத்தனை பேர்? அவர்கள் கையெழுத்துப் போடுவார்களா?" என்று கேட்டுவிடுவேன். இந்துக் குடும்பங்களில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சம பங்கு உண்டு. சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2.70 லட்சம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தப்பு செய்தேன். பழைய பத்திரத்தில் நான்கெல்லை "தெருவுக்கு மேற்கு" என்று இருந்தது. மனை தெருவுக்கு மேற்கே இருக்கிறது, அதாவது தெரு கிழக்குப் பக்கம். நான் "மேற்கில் தெரு" என்று அடித்துவிட்டேன். யார் கண்ணிலும் படவில்லை. வீடு கட்ட அந்த அம்மா வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் போடலாமென்றால், விற்றவர் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் மூன்று பேரையும் வரவழைத்துக் கையெழுத்து வாங்க நான்கு மாதம் ஆனது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே கடன் கிடைச்சிடுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் தபசிலை, அதாவது பத்திரத்தில் சொத்தை விவரிக்கும் பகுதியை, நான் மட்டும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் பழைய பத்திரத்தை வரிக்கு வரி ஸ்கேல் வைத்து வாய்விட்டுப் படிப்பார், நான் புதியதில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். சர்வே எண், உட்பிரிவு, அப்பா பெயரின் இனிஷியல் வரை.

சேருவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, நான்கெல்லையைப் படித்து, நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அதில் ஆர்வம் வந்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும்.