காலி நாற்காலியை வரைவது எப்படி? அனிமேஷனில் தனிமையும் குடும்பமும்: கேள்வி பதில்

கேள்வி: ‘அப்’ படத் தொடக்கத்தில் கார்ல், எல்லி இருவரின் இல்லற வாழ்க்கை வசனமே இல்லாமல் ஓடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்குகிறது. அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறார்கள்?

பதில்: 2009இல் வந்த படம். நீங்கள் சொல்லும் பகுதி சுமார் நான்கு நிமிடம். அதில் யார் எத்தனை முறை அழுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், மிகக் குறைவு. வேலை பார்ப்பதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் செயல்கள். கார்லுக்கு எல்லி டை கட்டிவிடுகிறாள், வருடங்கள் டைகளாகவே மாறுகின்றன. பயணத்துக்குச் சேர்க்கும் உண்டியல் ஒவ்வொரு செலவுக்கும் உடைகிறது. இளமையில் எல்லி முந்திக்கொண்டு ஏறிய அதே புல்மேட்டில், வயதான பிறகு கார்ல் முன்னே போய்விடுகிறார், அவளால் ஏற முடியவில்லை. “உடல்நிலை சரியில்லை” என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை, மேடு சொல்லிவிடுகிறது.

வடிவத்தையும் கவனியுங்கள். கார்ல் சதுரம், எல்லி வட்டம். நாற்காலிகளும் அப்படியே. ஆகவே அவள் போன பிறகும் அவள் உருவம் அறையில் உட்கார்ந்தே இருக்கிறது. மைக்கேல் ஜியாச்சினோவின் இசையும் இதே கணக்குதான்: துள்ளலாகப் பல வாத்தியங்களோடு வந்த அதே மெட்டு, கடைசியில் தனிப் பியானோவில் வருகிறது.

சொந்தமாகக் கதை செய்பவர்கள் இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து செய்யும் ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை அது வெறும் செயல். இரண்டாம் முறை பழக்கம். மூன்றாம் முறை ஒருவர் இல்லாமல் அதே வேலை நடந்தால், அதுதான் தனிமை. இரண்டாவதை வெட்டினால் மூன்றாவது விழாது. நீளம் குறைக்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது அந்த இரண்டாவதில்தான்.

கேள்வி: இரண்டு நிமிடக் குறும்படம், கையால் வரைவது, நான் ஒருவன்தான். பெரியவர் ஒருவர் தனியாகச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான் கதை. எத்தனை படம் வரைய வேண்டும்?

பதில்: நொடிக்கு 24 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படம்) என்றால் 120 நொடிக்கு 2,880. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் 1,440. நாளுக்கு 20 படம் சுத்தமாக முடித்தாலும் 72 நாள். ஆனால் உங்கள் கதையில் பெரியவர் பாதி நேரம் அசையப்போவதில்லை, அங்கே மிச்சம் பிடிக்கலாம். ஒரே நிலையை மூன்று முறை தடம் எடுத்து வரையுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு ஃப்ரேம் வைத்து மாற்றி மாற்றி ஓட விடுங்கள். கோடு லேசாக நடுங்கும், ஆள் மூச்சோடு இருப்பார். 1-2-3, 1-2-3 என்று வரிசையாக ஓட்டினால் துடிப்பு போலத் தெரிந்துவிடும், வரிசையைக் கலைத்துப் போடுங்கள்.

வரையத் தொடங்கும் முன் அனிமேட்டிக் கட்டாயம். ஸ்டோரிபோர்டுப் படங்களை, அதாவது காட்சி காட்சியாக வரைந்த மாதிரிப் படங்களை, தற்காலிக ஒலியோடு அடுக்கி, கதை தெரியாத ஒருவருக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லது சொல்வார்கள். “யார் இல்லை?” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் 1,440 படம் வரைந்தாலும் வராது.

கேள்வி: என் கதாபாத்திரம் அழுதால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ரிக்கில் (கணினி உருவத்தை அசைக்கும் உள்ளமைப்பு) எல்லாம் இருக்கிறது, புருவம், உதடு, கண்ணீர். எங்கே தப்பு?

பதில்: மூன்றும் ஒரே ஃப்ரேமில் தொடங்கியிருக்கும், பாருங்கள். அப்படிச் செய்தால் முகமூடியை மாற்றியது போல இருக்கும். புருவத்தின் உள்முனை முதலில் எழும்பட்டும். நான்கைந்து ஃப்ரேம் கழித்து உதட்டோரம். தாடை நடுக்கம் அதற்கும் பிறகு.

இன்னொன்று, மனிதர்கள் அழ முயல்வதில்லை, அழாமல் இருக்கத்தான் முயல்கிறார்கள். நீங்கள் அனிமேட் செய்ய வேண்டியது அந்த அடக்கலை. உதட்டை அழுத்துவது, விழுங்குவது, ஒரு நொடி மூச்சைப் பிடிப்பது, பார்வையை ஏதாவது பொருள் மேல் நகர்த்துவது. பிறகு தோள் இரண்டு மூன்று ஃப்ரேமில் சட்டென உயர்ந்து, இருபது ஃப்ரேமில் மெல்ல இறங்கினால் விம்மல். ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் போனால் விக்கல். சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது!

இமையையும் சரிபாருங்கள். சாதாரணச் சிமிட்டலில் மூட இரண்டு, மூடியபடி ஒன்றிரண்டு, திறக்க மூன்று நான்கு ஃப்ரேம் போதும். துயரத்தில் மூட ஏழெட்டு, மூடியே பத்து. திறக்கும்போது விழி வேறிடத்தில் இருக்கட்டும், உள்ளே ஏதோ நினைத்தார் என்று புரியும். கண்ணீரைக் கடைசியில் சேருங்கள். அது இல்லாமலே காட்சி நின்றால் சேர்க்கவே வேண்டாம்.

கேள்வி: களிமண் பொம்மையில் கண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன். விளக்குச் சூட்டில் காய்ந்துவிடுகிறது.

பதில்: தண்ணீர் காயும், வழியும், அடுத்த ஃப்ரேமுக்குள் உருவம் மாறும். கிளிசரினோ, நீர் கலந்த கெட்டியான ஜெல்லோ ஊசி முனையில் எடுத்து வையுங்கள். நகர்த்தலை ஒரு மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். துளி வழிந்து போன தடத்தைத் துடைக்காமல் விடுவதே அழகு.

கேள்வி: தனிமையைக் காட்ட ஆளைச் சின்னதாக்கிப் பெரிய வெட்டவெளியில் நிறுத்துகிறேன். நண்பர்கள் “பார்த்துச் சலித்தது” என்கிறார்கள்.

பதில்: ஒரு முறை செய்தால் சலிக்காது, ஐந்து முறை செய்தால் போஸ்டர். கூட்டத்துக்குள் தனிமையை வரைந்து பாருங்கள். நால்வர் உட்கார்ந்த மேசையில் யார் பார்வையும் யாருடையதையும் சந்திக்காதபடி அமைத்தால் போதும், பின்னணியை நீட்டவே வேண்டியதில்லை. குடும்பம் ஒட்டும் இடத்தில் உருவங்களின் வெளிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும், விலகும் இடத்தில் நடுவே ஒரு கதவோ தூணோ.

நிறமும் உதவும். ஆடம் எலியட்டின் ‘மேரி அண்ட் மேக்ஸ்’ படத்தில் (2009) சிறுமி மேரியின் உலகம் பழுப்பு, நியூயார்க்கில் இருக்கும் மேக்ஸின் உலகம் சாம்பல். அவள் அனுப்பும் சிவப்புக் குஞ்சம் அந்தச் சாம்பலுக்குள் தனியாகத் தெரிகிறது. உறவு என்ற சொல் தேவைப்படவில்லை.

கேள்வி: இரு பரிமாணம் அதிகம் உருக்குமா, முப்பரிமாணமா?

பதில்: வித்தியாசம் உருக்கத்தில் இல்லை, அசையாமல் நிற்பதில்தான். கையால் வரைந்த ஆள் ஒரு நொடி உறைந்தாலும் ஓவியம் போலத் தாங்கும். முப்பரிமாண ஆள் அரை நொடி முழுதாக உறைந்தாலே பொம்மையாகிவிடுவார். எடை மாற்றமோ மூச்சோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: ஒருவர் இறந்த பிறகு வீடு அமைதியாக இருக்க வேண்டும். ஒலியை முழுவதும் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், ஸ்பீக்கர் பழுது என்று நினைப்பார்கள். காலி அறையில் ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்து அடியில் ஓட விடுங்கள். முதல் பாதியில் யாரும் கவனிக்காத கடிகாரத்தை இப்போது கொஞ்சம் உயர்த்துங்கள். காலடிக்கு எதிரொலி கூடட்டும், ஆனால் கொஞ்சமாக. அதிகமானால் குகை. இசையைச் சம்பவத்துக்கு ஓரிரு நொடி முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

கேள்வி: இதெல்லாம் பார்வையாளரை ஏமாற்றி அழ வைப்பது ஆகாதா?

பதில்: சில படங்களில் ஆகும். இசையை அணைத்துவிட்டுப் பாருங்கள். காட்சி நிற்கிறதா, சம்பாதித்த கண்ணீர். முகம் மாறும் முன்பே வயலின் வந்துவிட்டதா, கடன் வாங்கியது.

கேள்வி: ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ அண்ணன் தங்கை கதை என்றார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இசாவோ தகஹாதாவின் படம், 1988. அண்ணன் இறப்பதில்தான் படமே தொடங்குகிறது. குண்டுவீச்சில் எரிந்த தாயின் உடல், பசியில் ஒடுங்கும் சிறுமி, எதையும் மறைக்காமல் காட்டுவார்கள். அதே நாளில் ஒரே டிக்கெட்டில் ‘மை நெய்பர் டோட்டோரோ’வுடன் சேர்த்து வெளியிட்டார்கள் என்பது இன்றைக்கும் வியப்புதான். பிள்ளைக்கு டோட்டோரோ போதும். மற்றதை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட படம் பார்த்ததும் மனதில் பட்டதை எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கமாகவே முடிகிறது. எப்படி எழுதுவது?

பதில்: முழுப் படத்தையும் எழுத முயல்கிறீர்கள், அதுதான் சிக்கல். எந்த நொடியில் தொண்டை அடைத்ததோ, அதைச் சுற்றி நாற்பது நொடியை மட்டும் எடுங்கள். இரண்டாம் முறை ஒலி இல்லாமல் பாருங்கள், நேரக்குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள்: கையில் என்ன பொருள், ஆள் திரையின் எந்தப் பக்கம், எது முன்பே வந்தது. பெரும்பாலும் அடைப்பு வந்த இடத்துக்குக் காரணம் பத்து இருபது நிமிடம் முன்னால் இருக்கும். அதைத் தேடிப் பிடித்தால் கட்டுரையில் பாதி முடிந்தது.

கதை மூன்று வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் வீட்டு நினைவு ஒன்று வந்தால் ஒரு பத்தி எழுதுங்கள், பெயர்ச்சொற்களோடு: எந்த அறை, யாருடைய செருப்பு. “நெஞ்சை உருக்கியது” என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அந்த நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்பதை அங்கே எழுதுங்கள்.