பத்துக்கு மூன்று பாமாயில் கலக்கலாமா?

கேள்வி: திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் மரச்செக்கு வைத்து மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆட்டி விற்கிறேன். மாதம் 400 லிட்டர் போகும். லிட்டர் 260 ரூபாய், இரண்டு வருஷமாக அதே விலைதான். பருப்பு கிலோ 110 ஆகிவிட்டது. செலவு போக லிட்டருக்குப் பத்து ரூபாய் நின்றால் பெரிது. பக்கத்து ஊரில் 'மரச்செக்கு' என்று போர்டு மாட்டி 190-க்குத் தருகிறார்கள். பத்துக்கு மூன்று பங்கு பாமாயில் கலந்தால் லிட்டருக்கு 35 ரூபாய் மிச்சம், யாருக்கும் தெரியாது என்கிறார் என் கொழுந்தனார். தொழிலுக்குப் பணம் போட்டவர் அவர். அவர் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, கேட்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, கலக்காதீர்கள். ஏன் என்பதற்கு முன்னால் உங்கள் கணக்கையே பார்ப்போம்.

மரச்செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கிலோ 110 என்றால் 275 ரூபாய். ஒன்றரை கிலோ போலப் புண்ணாக்கு மிஞ்சும். அதை 40 ரூபாய்க்குக் கொடுத்தால் 60 திரும்பி வரும். மீதி 215. கூலி, கரண்ட், பாட்டில், வாடகைக்கு 35 சேர்த்தால் 250. பக்கத்து ஊர்க்காரர் விற்பது 190-க்கு. பருப்பு வாங்கிய காசே அதில் வராது. எக்ஸ்பெல்லர் என்ற இரும்பு மெஷினில் பிழிந்தால் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அப்படியும் இந்த இடைவெளி அடைபடாது. அவர் விற்பது வேறு சரக்கு. அந்த விலையோடு நீங்கள் மல்லுக்கட்டத் தேவையே இல்லை.

உங்களுடைய உண்மையான சிக்கல், விலையை ஏற்றக் கூச்சப்படுவது. 285 ரூபாய் என்று வையுங்கள். லிட்டருக்கு 35 ரூபாய் கையில் நிற்கும். நூறு லிட்டர் வியாபாரம் குறைந்து 300 லிட்டர்தான் போனாலும் மாதம் 10,500 ரூபாய். இப்போது கிடைப்பது 4,000. வாடகை முதலான செலவு லிட்டருக்குக் கொஞ்சம் கூடினாலும் இப்போதைய நிலையைவிட எவ்வளவோ மேல். நியாய விலை என்றால் ஊரிலேயே குறைந்த விலை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஆட்டுகிறவரின் உழைப்புக்கும் கூலி சேர்ந்ததுதான் நியாய விலை. கடையில் ஒரு சிலேட்டு மாட்டி, இன்றைய பருப்பு விலை, புண்ணாக்கு விலை, எண்ணெய் விலை மூன்றையும் எழுதி வையுங்கள். பருப்பு இறங்கும்போது எண்ணெய் விலையையும் இறக்குங்கள். அதையும் ஜனங்கள் பார்க்கட்டும்.

பாமாயில் விஷமில்லை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கக்கூடிய ஒரு குடும்பம் உங்களை நம்பி 260 ரூபாய் நீட்டுகிறது. அவர்கள் பாட்டிலில் அதே பாமாயிலை ஊற்றித் தருவது பச்சைத் துரோகம் சகோதரி, வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்பதும் தப்பு. பால்மிட்டிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் கடலை எண்ணெயில் சுமார் 10 சதவீதம், பாமாயிலில் 40. மாதிரி எடுத்துப்போய்ச் சோதித்தால் ஆய்வகத்தில் மாட்டிக்கொள்ளும். அக்மார்க் வாங்கி, கலப்பு எண்ணெய் என்று லேபிளில் போட்டு, அடைத்து விற்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கடலை எண்ணெய் என்று பெயர் போட்டு இதை விற்றால், 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான பெயரிட்டதற்கு மட்டுமே 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. செலவைக் குறைக்கிறேன் என்று மட்டப் பருப்பு வாங்கிவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கும், ஈரலைக் கெடுக்கும். ரீஃபைண்டு ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு போய்விடும். செக்கு எண்ணெயைத் தெளிய வைத்து வடிகட்டுவதோடு சரி, எண்ணெயில் இறங்கிய நச்சு அப்படியே தங்கும். கருத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் உட்கார்ந்து பொறுக்கி எறிய ஒரு ஆள் கூலி கொடுத்தால், அது வீண் செலவே இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கொள்முதல். அறுவடை நேரத்தில் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு) வரத்து கூடி விலை இறங்கும்போது, முடிந்த அளவு தோலோடு காயாகவே வாங்குங்கள். காயைக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே பருப்பு சலசலக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் காய வைத்த பிறகே மூட்டை கட்டுங்கள்.

அப்புறம், வாரத்தில் இரண்டு நாள் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். தங்கள் வீட்டுப் பருப்பைக் கொண்டுவந்து, எத்தனை கிலோ போட்டால் எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தவர்களிடம் 190 ரூபாய் எண்ணெயைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

கொழுந்தனாரோடு சண்டை வேண்டாம். அவர் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்று கவலைப்படுகிறார், அதில் தப்பில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். 285 ரூபாயில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க அவகாசம் கேளுங்கள். மாதா மாதம் அவருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.