அமுச்சியின் கட்டைவிரல் நகம்

அன்புள்ள ஐயா,

மூலனூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் செடிமுருங்கை வைத்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. உரக்கடையில் ‘முழுக்க இயற்கையான வளர்ச்சி ஊக்கி’ என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஜிப்ரெலிக் அமிலமாம். “இயற்கைதானே, அளவு கூடினாலும் கெடுதல் இல்லை” என்கிறார் கடைக்காரர். பஞ்சகவ்யத்தில் இருப்பதும் இதுதான் என்கிறார்கள். அப்படியானால் உரச் செலவைக் குறைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர், மூலனூர்

அன்புள்ள தம்பி,

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அந்தப் பொருள் மனிதர் கண்ணில் பட்ட கதை தெரிந்தால் அடுத்த பாதியை நம்பமாட்டீர்கள்.

ஜப்பானிய நெல்வயல்களில் ஒரு நோய். சில நாற்றுகள் மட்டும் கூட்டத்தைத் தாண்டி நெடுநெடுவென்று உயரும், வெளிறும், மணி பிடிக்காமல் சாயும். அங்குள்ள விவசாயிகள் அதை ‘பக்கானே’ என்றார்கள், அசட்டு நாற்று என்று பொருள். 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர், அந்த நோய்ப் பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சை இல்லாத சாற்றை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் அசடாகவே வளர்ந்தது. பூஞ்சை சுரந்த அந்தப் பொருளுக்குத்தான் பின்னால் ஜிப்ரெலின் என்று பெயர் வந்தது. இன்றைக்கும் அதே பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்துத்தான் ஜிப்ரெலிக் அமிலம் எடுக்கிறார்கள். இயற்கையா என்றால் இயற்கைதான். வெள்ளாமையைக் கெடுத்ததும் அதே இயற்கை.

நானும் அசட்டு நாற்று வளர்த்தவன்தான். ஒரு ஆனி மாதம், மிளகாய் நாற்றங்காலுக்கு இருபது லிட்டரில் கலக்க வேண்டியதைப் பத்து லிட்டர் டேங்கில் கலந்து, ‘இருக்கட்டும்’ என்று இன்னொரு சிட்டிகையும் போட்டேன். ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, ஈர்க்குச்சி போல நின்றன. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வந்தது. இரண்டே நாளில் பாத்தி முழுக்கப் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது.

உங்கள் உரக் கேள்விக்கு வருகிறேன். உரம் பயிருக்குச் சோறு. ஊக்கி சோறில்லை, மடையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தண்ணீர் கட்டுபவனுக்குச் சொல்லும் குரல். வாய்க்காலில் தண்ணீரே வராதபோது எவ்வளவு சத்தம் போட்டு என்ன பயன்? அந்தக் குரலும் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பொருள்களின் கணக்கே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதுதான். செடி தானே சுரக்கும் ஆக்சின் என்ற ஊக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள்: துளி அளவில் பதியனில் வேர் பிடிக்க வைக்கும், அதன் செயற்கை உறவுக்காரனான 2,4-டி களைக்கொல்லியாக விற்கிறது. ஜிப்ரெலிக் அமிலமும் நம் நாட்டில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உங்கள் பாட்டிலில் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணச் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

பஞ்சகவ்யம் வேறு சரக்கு. வயலுக்கு அதைக் கொண்டுவந்து பரப்பியவர் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன். அதில் ஆக்சினும் ஜிப்ரெலினும் இருப்பது உண்மை, கூடவே நுண்ணுயிர்களும் இருக்கின்றன. பத்து லிட்டருக்கு 300 மில்லி போதும். அதற்காகத் தொழுவுரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு இடத்தில். ஊக்கி தேடி உரக்கடைக்குப் போன நீங்கள் முருங்கைக் காட்டுக்குள்தானே நிற்கிறீர்கள்! முருங்கைக் கொழுந்தில் சியாட்டின் என்ற சைட்டோகைனின் உண்டு, செல்களைப் பிரிந்து பெருகச் செய்வது. இளம் இலையை அரைத்துப் பிழிந்து, ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அன்றே தெளித்துவிடுங்கள். இளநீரிலும் இந்த வகைப் பொருள்கள் உண்டு. 1941இல் ஊமத்தையின் இளங்கருவைக் குடுவைக்குள் வளர்க்க விஞ்ஞானிகள் தேங்காய்த் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

பாட்டிலே இல்லாத ஊக்கியும் ஒன்று இருக்கிறது. என் அமுச்சி, அதாவது பாட்டி, பருத்திக்காட்டில் வெயில் ஏறும் முன் இறங்கி, வரிசை வரிசையாக நுனி கிள்ளிக்கொண்டே போவாள். குனிவதில்லை, கை மட்டும் போகும். கட்டைவிரல் நகத்தில் பச்சைக்கறை சாயங்காலம் வரை இருக்கும். நுனிக்கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் கீழே இறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. கொழுந்து போனால் அந்த அடக்குமுறையும் போயிற்று, மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அமுச்சிக்கு ஆக்சின் தெரியாது. “தலையைத் தட்டினால்தான் தம்பிகள் எந்திரிப்பார்கள்” என்பாள்.

செடிமுருங்கைக்கும் இதே கதைதான். இரண்டரை அடி உயரம் வந்ததும் கிள்ளிவிடுங்கள். பக்கக்கிளை நிறைய வரும், காய் கைக்கு எட்டும்.

பாட்டிலைத் திறந்துவிட்டீர்களா? திறந்திருந்தால் லேபிளில் உள்ள அளவிலேயே ஒரு வரிசைக்கு மட்டும் அடியுங்கள். பக்கத்து வரிசைக்கு முருங்கைச்சாறு, அடுத்ததற்கு வெறும் கிள்ளல். காய் எடுக்கும்போது மூன்றையும் தனித்தனியாக நிறுத்து எனக்கு எழுதுங்கள்.