அந்த வேனை வரச் சொல்லாதீர்கள்

வணக்கம் சார்,

நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து பெங்களூரு வந்துவிட்ட குடும்பம். தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. காலேஜ் தூரம் என்று பி.ஜி.யில் தங்கியிருந்தான். நாலைந்து பேப்பர் பாக்கி, அட்டெண்டன்ஸும் குறைவு. போன வாரம் துணி துவைக்க அவன் பையைக் கவிழ்த்தபோது, கஞ்சா சுருட்டும் பேப்பரும் பாதி காலியான வலி மாத்திரை அட்டையும் விழுந்தன. "ஃப்ரெண்டோடது" என்கிறான்.

அப்பாவின் நண்பர் ஊருக்கு வெளியே ஒரு போதை மீட்பு சென்டர் சொல்லியிருக்கிறார். விடிகாலையில் வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். மூன்று மாதம் போன் கிடையாது, பார்க்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். (அவரும் ராத்திரி இரண்டு பெக் போடுவார், அது வேறு விஷயம்.) காலேஜில் சொல்லலாமா? என்ன செய்யட்டும்?

ஒரு அக்கா, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வேனை வரச் சொல்லாதீர்கள். அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது என்றாலும் வேண்டாம், பணம் போனால் போகட்டும்.

மூன்று மாதம் கழித்து அவன் வெளியே வருவானே, அந்த நாளைப் பற்றி சென்டர்காரர்கள் உங்கள் அப்பாவிடம் பேசியிருக்க மாட்டார்கள். எனக்குப் பேப்பரைவிட அந்த மாத்திரை அட்டைதான் கவலை தருகிறது. ட்ரமடால், டேப்பென்டடால் போன்றவை அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள். உடம்பு அதற்குப் பழகப் பழக இரண்டு போட்டவன் ஆறு போடுவான். நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி என்று ஒரு வாரம் படாத பாடு படுவான். பிறகு உடம்பு தேறிவிடும். பழைய அளவைத் தாங்கும் சக்தி அதற்குள் போயிருக்கும், ஆசை மட்டும் போயிருக்காது. வெளியே வந்த அன்றோ மறுவாரமோ அதே நண்பர்களோடு உட்கார்ந்து அதே ஆறைப் போட்டால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம். சிகிச்சை முடிந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் இந்த வகை போதையில் உயிருக்கு மிக ஆபத்தான காலம். பூட்டி வைத்துப் பத்து நாள் நிறுத்த யாராலும் முடியும். அதற்குப் பிறகு யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. ஆசையை அடக்க ப்யூப்ரினார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு நாள் என்று மனநல மருத்துவர் சொல்ல வேண்டும், வேன்காரர் அல்ல.

வெறும் கஞ்சா என்றால் விஷயம் இவ்வளவு கடுமையாக இருக்காது. ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எரிந்து விழுவான். பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே போய் வந்து பார்த்துக்கொள்ளலாம். சிகரெட் புகையிலையைக் கலந்து சுருட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்தப் பழக்கமும் கூடவே ஒட்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

அப்பா இல்லாத நேரம் பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு நடை கூட்டிப்போனாலும் சரி. "ஏண்டா இப்படிப் பண்ணே" என்று தொடங்க வேண்டாம். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, எப்போதிலிருந்து, கரைத்து ஊசியில் ஏற்றுகிறானா? கடைசிக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு நாக்கு எழாது, ஆனாலும் கேளுங்கள். ஒரே சிரிஞ்சை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம், அதற்கான ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தில் உபயோகிப்பது குற்றம்தான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு போலீஸுக்குப் போகிற காகிதமல்ல. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. சங்கிலி போடக்கூடாது, மொட்டை அடிக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. எழுதித் தடுக்கும் அளவுக்கு அவையெல்லாம் நடந்திருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: தன் செலவுக்காக நண்பர்களுக்கு வாங்கி விற்கிறான் என்றால் கதை வேறு. அப்போது முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

எங்கே போவது? ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, போதைப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவும் உண்டு. "மென்டல் ஆஸ்பத்திரிக்கா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். 1974இல் பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து உண்டான நிறுவனம் அது, பழைய பெயர் மட்டும் ஊர் வாயிலிருந்து போகவே இல்லை. தெரிந்த பையன் ஒருவனுக்காக நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ்தான் வரிசை முழுக்க. மஞ்சள் பையில் ஃபைலோடு அப்பா வரிசையில் நிற்பார். பையன் பத்தடி தள்ளித் தூணோரம், காதில் இயர்போன், அவரைத் தெரியாதவன் மாதிரி. பெயரைக் கூப்பிட்டால் இருவரும் ஒரே சமயத்தில் திரும்புவார்கள். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினால் மனம் கோணாதீர்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அடைப்புக்குறிக்குள் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதி, "அது வேறு விஷயம்" என்று முடித்திருக்கிறீர்கள். தம்பிக்கு அது வேறு விஷயமாக இருக்காது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 3 கோடி, குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. உங்கள் அப்பாவைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. டாக்டர் வீட்டு நிலவரம் கேட்பார், அப்போது இதை மறைக்காதீர்கள்.

காலேஜுக்கு இப்போது சொல்ல வேண்டாம். சில காலேஜ்கள் கவுன்சிலரிடம் அனுப்பும், சில டி.சி.யைக் கையில் கொடுத்துவிடும். உங்கள் தம்பியின் காலேஜ் எந்த ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள். ஒரு செமஸ்டர் விட வேண்டிவந்தால் என்ன சர்டிஃபிகேட் கொடுப்பார்கள், அதில் என்ன எழுதுவார்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, தம்பியும் ஒப்புக்கொண்ட பிறகு பிரின்சிபாலைப் பார்க்கலாம்.

அன்புடன்.