மென்பொருள் கையேட்டில் தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை, என்ன செய்வது?

உங்கள் கேள்வி: கல்லூரியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் படித்தீர்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். எதைக் கேட்டாலும் "டாக்குமென்டேஷனைப் பாருங்கள்" என்கிறார்கள். அங்கே தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள் வருகின்றன. தேடுவதற்கு முறை ஏதாவது உண்டா?

உண்டு. போஸ்ட்கிரெஸ்தான் என் அன்றாட வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். அவர்கள் தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான நேரங்களில் விடை கையேட்டில் இருக்கும், அவர்கள் தட்டச்சு செய்யும் சொல்தான் அங்கே இருக்காது.

உங்கள் நிலைமையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவு ஏற்கெனவே இருந்தால் அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் பழகிய கை 'ஆன் டூப்ளிகேட் கீ' என்று தேடும். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் அங்கே அதன் பெயர் 'ஆன் கான்ஃப்ளிக்ட்'. இருக்கும் இடம் இன்சர்ட் கட்டளைக்கான பக்கம். தானாக ஏறும் எண்ணுக்கு 'ஆட்டோ இன்க்ரிமென்ட்' என்று தேடுவீர்கள். இங்கே அது 'சீரியல்'. 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் 'ஐடென்டிட்டி'யும் உண்டு. எக்செல் பழகியவர் 'பிவட்' என்பதற்குப் போஸ்ட்கிரெஸ் 'கிராஸ்டேப்' என்கிறது, அதையும் ஒரு துணைத் தொகுதிக்குள் வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் வினவலை (தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வியை, அதாவது கொயரியை) நிறுத்த மைஎஸ்கியூஎல்லில் 'கில்' கட்டளை. இங்கே 'கேன்சல்', 'டெர்மினேட்' என்ற சொற்களைப் பெயரில் கொண்ட இரண்டு செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்).

இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஃபர்னாஸ், லாண்டாவர், கோமெஸ், டூமே ஆகிய நால்வர் 1987-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான். ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லச் சொன்னால், இருவர் ஒரே சொல்லைத் தேர்வதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். கையேட்டை எழுதியவரும் நீங்களும் அந்த இருவர்தாம்.

ஆகவே தேடலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கையேடு சரியான இடமன்று. கூகுள், கேள்வி பதில் தளங்கள், செயற்கை நுண்ணறிவு உரையாடிகள், பக்கத்து நாற்காலிக்காரர், எல்லாமே இதற்கு உதவும். "மைஎஸ்கியூஎல்லில் இப்படிச் செய்வேன், போஸ்ட்கிரெஸில் இதற்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கையேட்டுக்கு வந்து, விவரத்தை அங்கே படியுங்கள். பதிலையே நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்தித் தடுக்கிறேன் என்றால், வெளியே கிடைக்கும் பதிலுக்குப் பதிப்பு எண் இருப்பதில்லை.

நல்ல எடுத்துக்காட்டு, 'வித்' என்று தொடங்கும் துணை வினவல். 11-ஆம் பதிப்பு வரை போஸ்ட்கிரெஸ் அதை வெளி வினவலோடு கலக்காமல் தனியாகவே திட்டமிட்டு இயக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தப் பலர் இதையே ஓர் உத்தியாகக் கொண்டிருந்தார்கள். 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பில் இது மாறியது. ஒரே இடத்தில் மட்டும் பயன்படும் சாதாரணத் துணை வினவலை இப்போது வெளி வினவலோடு இணைத்தே திட்டமிடுகிறது; பழைய நடத்தை வேண்டுமென்றால் 'மெட்டீரியலைஸ்டு' என்று எழுதிக் கேட்க வேண்டும். 2015-ல் எழுதப்பட்ட அருமையான பதில் ஒன்று இன்று உங்களை நேர் எதிர்த் திசையில் அனுப்பும். எழுதியவர் மீது தவறே இல்லை.

அதிகாரபூர்வக் கையேட்டிலும் இதே ஆபத்து உண்டு. கூகுள் சில சமயம் பழைய பதிப்பின் பக்கத்தை முன்னால் கொண்டுவந்து வைக்கும். போஸ்ட்கிரெஸ் பக்கங்களின் இணைய முகவரியிலேயே பதிப்பு எண் இருக்கும், அல்லது நடப்புப் பதிப்பைக் குறிக்கும் 'கரன்ட்' என்ற சொல் இருக்கும். பக்கத்தின் உச்சியில் மற்றப் பதிப்புகளுக்கான இணைப்புகளும் இருக்கும். படிக்கத் தொடங்கும் முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், உங்கள் சர்வரின் பதிப்போடு ஒப்பிடுங்கள். கூகுளில் தேடும்போதே 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் கையேட்டின் முகவரியைப் பதிப்பு எண் வரை சேர்த்துவிட்டால் பழையவை பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும்.

பிழைச் செய்தியை வைத்துத் தேடுவது தனிக் கலை. முழுச் செய்தியையும் ஒட்டினால், அதில் உங்கள் அட்டவணையின் பெயரும் கட்டுப்பாட்டின் பெயரும் சேர்ந்து வரும்; உலகத்தில் வேறு யாரிடமும் அந்தப் பெயர்கள் இருக்காது. அவற்றை நீக்கிவிட்டுத் தேடுங்கள். அதைவிடச் சிறந்தது குறியீட்டு எண். போஸ்ட்கிரெஸ் தரும் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து எழுத்துக் குறியீடு உண்டு. தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) மீறப்பட்டால் 23505. முதல் இரண்டு எழுத்துகள் பிழையின் வகையைச் சொல்லும்: 23 என்றால் தரவின் ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவோ மீறப்பட்டிருக்கிறது. முழுப் பட்டியல் முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. செய்தியின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், மொழிக்கு மொழியும் மாறலாம். குறியீடு அவ்வளவு எளிதில் மாறாது.

அடுத்து, தேடல் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பது. கூகுள் நாம் பிழையாக எழுதினாலும் நினைத்ததை ஊகித்துக்கொள்ளும். கையேடுகளின் பெட்டிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. பைத்தான் என்ற நிரலாக்க மொழியின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியால் உருவாக்கப்படுகிறது. பைத்தான் கையேட்டுக்காகவே எழுதப்பட்ட இக்கருவியை இன்று லினக்ஸ் கெர்னல் உட்படப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் தேடல் உங்கள் உலாவிக்குள்ளேயே, முன்கூட்டித் தயாரித்த ஒரு சொற்பட்டியலை வைத்து நடக்கிறது. நீங்கள் தரும் எல்லாச் சொற்களும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பக்கம் வரும். முழு வாக்கியமாகக் கேள்வி எழுதினால் ஒன்றுமே வராமல் போவது இதனால்தான். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல் போதும்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'இஃப்', 'ஃபார்', 'வித்', 'இன்', 'நாட்' போன்றவற்றை உரைக்குள் தேடும்போது அது ஒதுக்கிவிடும். பைத்தானில் இவையெல்லாம் முக்கியமான திறவுச்சொற்கள்! := அல்லது @ போன்ற குறிகளுக்கும் தேடல் பெட்டி நம்பத்தக்க இடமன்று. இங்கேதான் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல், கைகொடுக்கிறது. பைத்தான் கையேட்டின் பொதுச் சொல்லடைவில் குறிகளுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் கையேட்டின் கடைசியிலும் அச்சுப் புத்தகம் போலவே ஒரு சொல்லடைவு உண்டு. மனிதர்கள் உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்கு இந்த இடம்தான் முக்கியம் என்று குறித்துவைத்த பட்டியல் அது. இவ்வளவு உழைப்பைப் பலர் ஒரு முறைகூடத் திறந்து பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஒரே பொருள் கையேட்டில் இரண்டு இடங்களில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இண்டெக்ஸ் (தரவைச் சீக்கிரம் கண்டெடுக்கத் தரவுத்தளம் வைத்துக்கொள்ளும் அமைப்பு) பற்றித் தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் கட்டளையின் இலக்கணப் பக்கம். சதுர அடைப்புக்குறிகள் நிறைந்த அந்தப் பக்கத்தைப் பார்த்து மிரண்டு மூடிவிடுகிறார்கள். எந்த வினவலுக்கு எந்த வகை இண்டெக்ஸ், எப்போது அது பயன்படாது என்பதெல்லாம் 11-ஆம் அத்தியாயத்தில் நிதானமாக விளக்கப்பட்டிருக்கிறது. 'எப்படி எழுதுவது' என்பதற்குக் கட்டளைப் பக்கம், 'எப்போது, ஏன்' என்பதற்கு அத்தியாயம். பொருளடக்கத்தை ஒரு மாலைப்பொழுது மேலிருந்து கீழ்வரை படித்துவிடுங்கள். எதுவும் மனப்பாடம் ஆகாது. ஆனால் வினவல் மெதுவாக ஓடும் நாளில், வினவல் எப்படி இயக்கப்படும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளை பற்றி 14-ஆம் அத்தியாயத்தில் ஏதோ இருந்ததே என்று தோன்றும். அந்த நினைவு எந்தப் பெட்டியைவிடவும் வேகமானது. பக்கத்துக்குள் வந்த பிறகு கன்ட்ரோல்-எஃப் போதும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால், போஸ்ட்கிரெஸ் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்தம் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. எந்தச் சொல்லால் தேடினீர்கள், கடைசியில் எந்தப் பக்கத்தில் விடை இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். இன்சர்ட் பக்கத்தில் 'அப்சர்ட்' (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்பதன் சுருக்கப் பெயர்) என்ற வழக்குச் சொல்லையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லால் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைக்காமல் போன சொல்லுக்கும் அப்படி ஓர் இடம் கேட்கலாம்.